டாக்டர் பார்த்த நாள்

பதுளை
12.03.1988

அன்புத் தங்கச்சி நளீராவுக்கு,

ராத்தா ஜெனீரா ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் முழங்கால் மட்டும்தான் மாட்டேன் என்கிறது. நீ, ஸலீம், மகள் ஸுபைரா மூவரின் சுகத்தையும் எழுது.

காமிலுக்கு வேலை கிடைத்துவிட்டது. இப்போது தனியாரும் காப்புறுதி செய்யலாம் என்று அரசாங்கம் விட்டுவிட்டதாம். கொழும்பில் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பனிக்கு நம் மகன்தான் பதுளை முகவர். வைத்தியச் செலவுக்கான காப்புறுதி. டை கட்டிக்கொண்டு பசறை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறான்.

உன் மச்சானின் முகத்தை நீ பார்க்க வேண்டும். பஜாரில் கடைக்காரர்களும் சிப்பந்திகளும் சந்தா போட்டு நடத்தும் நோயாளர் சகாயச் சங்கத்துக்கு அவர்தானே இத்தனை வருடமாகப் பொருளாளர்? "ஒங்கட மகன் வியாதிய வெச்சி யாவாரம் பண்ணப் போறாரு" என்கிறார், ஏதோ நான் தனியாகப் பெற்றதுபோல். மகன் விடுவானா? "வாப்பா, ஒங்கட சங்கம் ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் கொண்டு போகும். எங்கட கம்பனி ஒப்பரேஷனுக்கே குடுக்கும்" என்றான். சோற்றுக் கோப்பையோடு இருவரும் இரண்டு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

எனக்குச் சங்கத்தைக் கண்டாலே களைப்பாக இருக்கிறது. யாருக்காவது சுகமில்லையென்றால் அங்கத்தவர் இரண்டு பேர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், பார்த்த நாளிலிருந்து உதவி. இதுதான் சட்டம். பார்த்துவிட்டு எங்கே வருவார்கள்? என் வீட்டு ஹோலுக்கு. யாருக்கு மூலம், யார் பெண்சாதிக்குக் கர்ப்பப்பைக் கோளாறு, எல்லாம் நான் ஊற்றும் தேத்தண்ணியோடு ஓடும். போன போயா விடுமுறைக் கூட்டத்துக்கு வந்தபோது, சலூன் வைத்திருக்கும் முருகையா யாருடையதோ எக்ஸ்ரே படத்தை என் ஜன்னலில் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். பஜாரில் ஒருவருக்கும் இனி உடம்பு என்று ஒன்று சொந்தமில்லை.

நீங்கள் காமிலிடம் சேருங்கள். பிள்ளைக்கு ஒரு தொடக்கமாக இருக்கும்.

துஆவுடன்,
ஜெனீரா ராத்தா

*

மொனராகலை
02.04.1988

அன்பு ராத்தாவுக்கு நளீராவின் ஸலாம்.

நாங்கள் சுகம். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சி அனுப்பலாமென்று இருக்கிறேன். காமிலுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். இவருக்குக் கடையில் வேலை அதிகம். கரும்புக் காட்டு ஆட்களுக்குச் சம்பளம் போட்டால் அன்று மூச்சுவிட நேரமில்லை. ஸுபைராவுக்குப் பண்டாரவளையில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. நல்ல இடம். இன்னும் முடிவாகவில்லை, யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ராத்தா, ஒன்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறா. அவவுக்கு மார்பில் ஒரு சின்னக் கட்டி இருக்கிறதாம். நோவில்லை. என்னிடம் மட்டும் சொன்னா. வீட்டில் கல்யாண வயதில் ஒரு குமர் இருப்பதால் வெளியே தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயப்படுகிறா. அவவைக் காமிலின் கம்பனி எடுக்குமா? மச்சானின் சங்கம் எடுக்குமா? எது நல்லது? காமிலிடமும் மச்சானிடமும் பேர் சொல்லாமல் கேட்டு எழுதுங்கள். அவசரமில்லை. ஆனாலும் சுணங்க வேண்டாம்.

உங்கள் துஆவை நாடும்,
நளீரா

*

பதுளை
10.04.1988

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். எண்ணெய் அனுப்பு; இல்லாவிட்டால் நோன்பு இரவுகளின் தறாவீஹ் தொழுகையில் என்னைத் தூக்கி நிறுத்த ஆள் பிடிக்க வேண்டும்.

உன் டீச்சரம்மாவின் விஷயத்தை இருவரிடமும் கேட்டேன். முதலில் உன் மச்சான். கேட்டு முடிக்கவே விடவில்லை. "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. சங்கத்துல சேர்றதப் பொறகு பாப்பம்" என்றார். சங்கம் நோய் இருந்தாலும் சேர்த்துக்கொள்ளும், ஒன்றும் கேட்காது. அதனால்தான் எப்போதும் பெட்டி காலி. கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரி, பெண் டாக்டர் என்றெல்லாம் அவர்களால் ஆகாது. பஸ் காசும் சாப்பாடும் கூடத் துணைக்கு ஒரு ஆளும், அவ்வளவுதான். முக்கியமாக, பார்வைக்கு வரும் இரண்டு பேரும் ஆண்பிள்ளைகள். மறுநாள் மார்புக் கட்டி பஜார் முழுக்கப் பேசப்படும்.

பிறகு காமில். கம்பனி வீட்டுக்கு ஆள் அனுப்பாது, ஒருவரிடமும் சொல்லாது. நல்ல ஆஸ்பத்திரி, தனி அறை. ஆனால் சேரும்போது ஏதாவது நோய் உண்டா என்று கேட்கும். உண்டென்றால் எடுக்காது. சேர்ந்து ஆறு மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்த நோய்க்கும் கொடுக்காது. நன்றாகக் கேள், நோய் வந்த நாள் கணக்கில்லை. டாக்டர் பார்த்த நாள்தான் கணக்கு.

அப்படியானால் வழி இருக்கிறதே! டீச்சரம்மாவிடம் சொல், வாயை மூடிக்கொண்டு சேரட்டும், ஆறு மாதம் ஒரு டாக்டரின் வாசலையும் மிதிக்க வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்கும் வேண்டாம், காசில்லாமல் பார்ப்பார்கள்தான், ஆனால் நோயையும் திகதியையும் சீட்டில் எழுதிவிடுவார்கள். நோவில்லாத கட்டி எங்கே ஓடிவிடப்போகிறது? இந்த யோசனையைக் காமிலிடம் சொன்னேன். "உம்மா, நீங்கதான் இந்த வேலைக்கு வந்திருக்கோணும்" என்று சிரித்தான். வயது போன காலத்தில் எனக்கும் ஒரு மூளை இருக்கிறதென்று இந்த வீட்டில் ஒருவன் ஒத்துக்கொண்டானே.

துஆவுடன்,
ஜெனீரா

*

மொனராகலை
29.05.1988

அன்பு ராத்தாவுக்கு ஸலாம்.

பெருநாள் நல்லபடி கழிந்தது. நீங்கள் கொடுத்தனுப்பிய தொதலை ஸுபைரா ஒருத்தியே தின்று முடித்தாள்.

காமில் வந்து போனான். மாமி மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி கதிரை நுனியில் உட்கார்ந்து எல்லாம் விளக்கினான். மூவரும் சேர்ந்துவிட்டோம். "சாச்சி, ஏதாவது நோய், சத்திரசிகிச்சை?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்கு முன்பே, "சாச்சிக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கீங்க" என்று அவனே இல்லையென்று போட்டுக்கொண்டான். ஜூன் முதலாம் திகதியிலிருந்து தொடக்கம். ஆறு மாதம் என்றால் நவம்பர் முடிய என்றுதானே அர்த்தம்? இல்லாவிட்டால் டிசம்பர் பிறந்து ஏதாவது நாள் கழிய வேண்டுமா? காமிலிடம் கேட்க மறந்துவிட்டேன். கேட்டு எழுதுங்கள்.

டீச்சரும் சேர்ந்துகொண்டா. வேறு முகவரிடம்.

நளீரா

*

பதுளை
20.07.1988

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம்.

இங்கே மழையும் குளிரும். அங்கே வெயில் என்று உன்மேல் பொறாமைப்படுகிறேன். சுகமாக இருக்கிறாயா? மே மாதம் எழுதியதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கடிதமும் இல்லையே.

நீ கேட்டதைக் காமிலிடம் கேட்டேன். நவம்பர் முடிந்தால் போதுமாம். "சாச்சி என்னத்துக்கு நாள் எண்ணுறாங்க, நோய் வார திகதிய முன்னுக்கே முடிவு பண்ணிட்டாங்களா?" என்று பகிடி பண்ணினான். நானும் சிரித்தேன். பஜாரில் பாதிப் பேரைச் சேர்த்துவிட்டான். சங்கத்துக்குச் சந்தா குறைந்துவிட்டது. உன் மச்சான் போயாக் கூட்டம் முடிந்தும் எழும்பாமல் இருக்கிறார். ஆளில்லாத கதிரைகளை அடுக்கக்கூட மனமில்லை. இத்தனை நாள் அந்தக் கூட்டத்தைத் திட்டிய எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. தேத்தண்ணி குறைந்ததில் சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்?

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மூவரும் வாருங்கள். பண்டாரவளைப் பேச்சு என்னவாயிற்று?

ஜெனீரா

*

மொனராகலை
28.08.1988

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். பெருநாளைக்கு வர முடியாததற்கு மன்னிக்கவும். வீட்டு வேலை அதிகம். வலது கை கொஞ்சம் கடுக்கிறது, ஆகையால் இதை ஸுபைரா எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல. பண்டாரவளைக்காரர்களுக்குச் சம்மதம். ஜனவரிக்குப் பிறகு திகதி வைக்கலாம் என்றோம்.

டீச்சர் பொறுமையாக இருக்கிறா.

நளீரா

*

பதுளை
09.10.1988

அன்புத் தங்கச்சி நளீராவுக்கு,

ஸலாம். சுகமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

போன கிழமை உன் மச்சானும் முருகையாவும் புத்தளைப் பக்கம் ஒரு அங்கத்தவரைப் பார்க்கப் போனவர்கள், உன் வீட்டுக்கும் வந்தார்கள் அல்லவா? வந்ததிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒங்கட தங்கச்சிக்கு என்னவோ இருக்கு ஜெனீரா. நான் எத்தனை நோயாளியப் பாத்திருக்கேன். மச்சான் வந்திருக்கேன்னு சொல்லியும் கதவுக்குப் பின்னால நிண்டுதான் பேசினா. தேத்தண்ணிய எடது கையால நீட்டினா" என்றார். இடது கையால் யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர்கூட நீட்டாதவள் நீ. உம்மா அதற்காக எத்தனை தடவை நம் இருவருக்கும் அடித்திருக்கிறா.

முருகையாவும் வாசலில் நின்று என்னிடம் சொன்னார். "அக்கா, அவங்கள ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிருங்க. நான் சொன்னேன்னு யாருக்கும் தெரிய வேணாங்க." அந்த எக்ஸ்ரே மனுஷனா இப்படிப் பேசுகிறார் என்று ஆச்சரியமாக இருந்தது.

உனக்கு என்ன? என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறாய்? பஸ் ஏறி இங்கே வா. நானே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

உடனே பதில் போடு.

ஜெனீரா

*

மொனராகலை
25.10.1988

அன்பு ராத்தாவுக்கு ஸலாம்.

எனக்கு ஒன்றுமில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது தோள் பிசகிவிட்டது. மெலிந்தது உண்மைதான், கல்யாண வீட்டுக் கவலை. மச்சான் எல்லோரையும் நோயாளியாகவே பார்த்துப் பழகிவிட்டார், அவ்வளவுதான். டாக்டரிடம் போகச் சொல்லாதீர்கள், ராத்தா. டிசம்பர் பிறக்கட்டும், வந்து நாலு நாள் உங்களோடு நிற்கிறேன்.

இங்கே கடைகளை மூடச் சொல்லிக் கிளர்ச்சிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். பொழுது பட்டால் ஒருவரும் வெளியே வருவதில்லை. தபாலும் ஒழுங்கில்லை. கடிதம் வராவிட்டால் பயப்பட வேண்டாம்.

நளீரா

*

கொழும்பு
22.01.1989

மதிப்புக்குரிய ஜெனீரா மதினிக்கு ஸலீம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை நளீராவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவ பக்கத்து அறையில் நித்திரை. காமில் உங்களிடம் சின்ன ஒப்பரேஷன் என்று சொல்லியிருப்பான். நாங்கள்தான் அப்படிச் சொல்லச் சொன்னோம். சின்ன ஒப்பரேஷன் இல்லை, மதினி. மார்பில் புற்று. வலது பக்கம் முழுக்க எடுத்துவிட்டார்கள். கைக்குக் கீழே கமக்கட்டுக்கும் போய்விட்டது.

எனக்கு டிசம்பர் முதலாம் திகதிதான் சொன்னா. விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, "இனிப் போகலாம்" என்றா. எங்கே என்று கேட்டேன். அப்போதுதான் காட்டினா. இத்தனை நாள் ஒரே கூரையின் கீழ் இருந்து நான் பார்க்கவில்லை. உடனே கிளம்பினோம், பஸ் இல்லை. ஊரடங்கு எடுத்தால் கடையடைப்பு, கடையடைப்பு முடிந்தால் பாலத்தை உடைத்துவிட்டார்கள் என்று ஒரு கதை. ஜனவரி பிறந்து ஒரு லொறியில் வெல்லவாயா வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தோம்.

கம்பனியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. தனி அறை, பெண் டாக்டர், மருந்து, எல்லாம் அவர்கள் கட்டிவிட்டார்கள். காமில் ஓடியோடிச் செய்தான். அந்த டாக்டரம்மா மட்டும், "போன சித்திரையில் வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றா. இனி எவ்வளவு காலம் என்று கேட்டேன். அடுத்த மருந்துக்கு நாள் குறித்துத் தந்தா.

பக்கத்து வீட்டில் எங்களுக்கு ஒரு டீச்சரும் இல்லை. நளீரா மயக்கத்தில் டீச்சர், டீச்சர் என்கிறா. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

ஸலீம்

*

பதுளை
30.01.1989

நளீரா,

அந்த டீச்சர் யாரென்று எனக்குத் தெரியும். ஸலீம் எனக்கு எழுதிய கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

நீ அந்தக் கடிதத்தை எழுதிய அன்றே, யாரடி அந்த டீச்சர், அவவுக்குப் பேர் இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு என் சாமர்த்தியம்தான் பெரிதாக இருந்தது. சங்கத்தைப் பற்றி நக்கலாக நான் எழுதியதை எல்லாம் நீ ஒரு அறையில் தனியே இருந்து படித்தாயே. உன்னை டாக்டரிடம் போகாமல் தடுத்து வைத்தது நான்தான், தங்கச்சி.

உன் மச்சானிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் வெகுநேரம் கழித்து வந்தார். திட்டியிருக்கலாம்.

ரோடு திறந்ததும் வருகிறேன்.

ஜெனீரா

*

மொனராகலை
05.03.1989

அன்பு ராத்தாவுக்கு ஸலாம்.

நீங்கள் வந்து நின்ற பத்து நாளும் எனக்குச் சுகமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பண்டாரவளைக்காரர்கள் விஷயம் தெரிந்தும் விலகவில்லை. மாப்பிள்ளையின் உம்மா வந்து என் தலையைத் தடவிவிட்டுப் போனா. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருந்தது. இல்லையென்றால் பொய். கொழும்பில் இரண்டு இரவு உங்களோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். பிறகு களைத்துப்போனேன். நான்தானே பொய் சொன்னேன்? உங்களிடம் பேர் சொல்லாமல் கேளுங்கள் என்றதும் நான்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். காமிலுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு வந்த நோய் என்றுதான் அவன் நம்பியிருக்கிறான். என் காசைக் கம்பனி கட்டிய அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதான், ராத்தா, சந்தோஷத்தில். "சாச்சி, இதுக்குத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்" என்றான். அவனிடமிருந்து அதைப் பறிக்க வேண்டாம். எனக்கு வாக்குக் கொடுங்கள்.

நளீரா

*

பதுளை
16.04.1989

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நோன்பு பிடிக்கிறோம். உனக்கு இந்த வருடம் நோன்பு இல்லை, மருந்தை விட்டுவிடாதே. நோவு எப்படி? ஸுபைராவை எழுதச் சொல்.

போன கடிதத்தில் உனக்குத் தந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

காமில் உன் கதையைத்தான் கடைகடையாகச் சொல்லித் திரிகிறான். என் சாச்சிக்கு ஒரு சதம் குறையாமல் கட்டினோம் என்று சொல்லித்தான் ஆள் சேர்க்கிறான். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன், உனக்காக. வியாழக்கிழமை பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு முருகையாவின் பெண்சாதி பாக்கியலெட்சுமி பின் கதவால் வந்தாள். ஹாலிஎலத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், ஒரு நாளும் கலகலப்பு இல்லாமல் இருக்க மாட்டாள். அன்று முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். காமிலைத் தேடித்தான் வந்திருக்கிறாள்.

"தம்பி, எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாங்க. அவரு சங்கம் சங்கம்னு ஊருக்கெல்லாம் சொல்லிருவாரு. இங்கன ஒரு கட்டி மாதிரி இருக்கு. வலியெல்லாம் இல்லீங்க."

நான் சமையலறையில் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். காமில் குரலைத் தாழ்த்தினான். ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "பயப்பட வேணாம் அக்கா. இப்ப சேருங்க. ஆறு மாசம் ஒரு டாக்டர்கிட்டயும் போகாதீங்க. பொறகு எல்லாம் நாங்க பாத்துக்கொள்வம். டாக்டர் பாத்த நாள்தான் கணக்கு."

என் சொல், நளீரா. ஒரு எழுத்து மாறவில்லை.

ஈரக் கையோடு வெளியே போனேன். "எழும்பு பாக்கியம், இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன். காமில் பதறிவிட்டான். "உம்மா, சீட்டு எழுதிடுவாங்க!" "எழுதட்டும்" என்றேன். "நீங்க என்ன சொல்லுறீங்க? சாச்சிக்கு நாங்க..." என்று தொடங்கினான். அவனை முடிக்க விடவில்லை. சாச்சிக்குச் சித்திரையிலேயே தெரியும், நான் சொன்ன யோசனையால்தான் சாச்சி சாகப் போகிறா என்று அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். சாகப் போகிறா என்ற சொல்லை உனக்கு எழுதுகிறேன் பார், நமக்குள் இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு நடந்தே போனேன். முழங்கால் நொந்தது, நோன்பு வேறு. டாக்டர் பார்த்தார். சிறியதுதானாம், நேரத்தோடு வந்தீர்கள் என்றார். அடுத்த கிழமை எடுக்கிறார்கள். முருகையா செய்தி கேட்டு ஓடி வந்தவர், ஹோலில் உட்கார்ந்திருந்தார். உன் மச்சான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து காமில் வேலைக்குப் போகவில்லை. நோன்பு திறக்க வந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறான். "அந்த யோசனைய இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் வாப்பா" என்று தகப்பனிடம் அழுதிருக்கிறான். விடிந்தால் இருவரும் சேர்ந்து அந்த ஆட்களை டாக்டரிடம் அனுப்ப வீடு வீடாகப் போகப் போகிறார்களாம். ஒரே வாசலால் இருவரும் சேர்ந்து வெளியே போய் ஒரு வருடமாகிறது.

என்னைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம். அவனுக்கு ஒரு வரி எழுது, தங்கச்சி. உன் கையாலேயே எழுது, எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி. அவன் மேல் உனக்கு வருத்தமில்லை என்று நான் சொன்னால் அவன் நம்புவதாக இல்லை.

ஜெனீரா